குளியலறைக்குள் ஒரு டிராகன்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் துலக்கி வாய் கொப்பளித்த கையோடு, ஆதாரம் சார் தொலைக்காட்சி உலகத்தைக் காப்பாற்றுவதென்று முடிவெடுத்தார். மாயாஜாலத் தொடர் ஒன்று எழுதப் போகிறார். இதுவரை அவர் எழுதியதெல்லாம் இன்சூரன்ஸ் அறிக்கைகள்தான். அதனால் என்ன? அவற்றைப் படித்தும் பலர் அழுதிருக்கிறார்கள்.

ஆதாரம் என்பது அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. அலுவலகம் வைத்தது. நஷ்ட ஈடு கேட்டு வருகிறவர்கள் நிஜம் சொல்கிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. சோபா எரிந்து போயிற்று என்று யாராவது கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தால், சாம்பலைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு, "இது சோபாதான்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?" என்பார். வீட்டிலும் அப்படித்தான். வெளியே மழை பெய்கிறது என்று மனைவி சொன்னால், ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி நனைத்துக்கொண்ட பிறகே குடையைத் தொடுவார்.

மனைவி கணக்கு டீச்சர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பாடம் எடுப்பவர். வகுப்பறை, சாப்பாட்டு மேசை. பின்னத்தைப் பாதி விளக்கிக்கொண்டிருக்கும்போது குக்கர் விசில் அடிக்கும். பார்சல்காரர் மணி அடிப்பார். ஒரு நாள் ஆதாரம் சாரே இடுப்பில் துண்டோடு பின்னால் நடந்து போய்விட்டார். அன்றைக்கு மொத்த வகுப்பும் பின்னத்தை மறந்தது. டீச்சருக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கதவு உள்ள ஓர் அறை வேண்டும். பூட்டுகூட வேண்டாம், சாத்தினால் போதும். மகள் வேலைக்கென்று வேறு ஊர் போனதும் காலியான சின்ன அறையை அவருக்குத் தருவதாக ஆதாரம் சார் வாக்குக் கொடுத்திருந்தார்.

அந்த வாக்கின் மேல்தான் இப்போது நாற்காலியைப் போடப் பார்த்தார்.

"சேனல்காரங்க புது எழுத்தாளர்களைத் தேடறாங்க. மாயாஜாலத் தொடர். முதல் எபிசோடை எழுதி அனுப்பணும். அதுக்குப் பேரு பைலட்."

"விமானம் ஓட்டறவரா?"

"முதல் எபிசோடுக்கே அதுதான் பேரு."

"ஓட்டத் தெரியாதவங்களும் எழுதலாமா?"

"கத்துக் குடுக்கறாங்க. ஆன்லைன் வகுப்பு. சேர்ந்துட்டேன்."

"எங்க உக்காந்து எழுதப் போறீங்க?"

"சின்ன ரூம்ல."

டீச்சர் கையிலிருந்த காபிக் கோப்பை மேசைக்கும் வாய்க்கும் நடுவில் நின்றது.

"அது எனக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன். இப்பவும் சொல்றேன். கதையை அனுப்பற வரைக்கும்தான். தேர்வாகலைன்னா ரூம் உனக்கு."

"ஆயிட்டா?"

"ஆயிட்டா மிச்ச எபிசோடெல்லாம் யார் எழுதறது? ரூம் எழுத்தாளருக்கு."

"சரி. ரூம் எழுத்தாளருக்கு" என்றார் டீச்சர். காபியைக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவப் போய்விட்டார்.

ஆதாரம் சாருக்கு மூக்கு வியர்த்தது. கல்யாணமானதிலிருந்து டீச்சர் எதற்கும் இவ்வளவு சுலபமாகச் சரி சொன்னதில்லை. திரைச்சீலைக்கு நிறம் தேர்ந்தெடுக்கவே ஒரு மாதம் வாதாடியவர். ஆனாலும் அறை கிடைத்துவிட்டது. கிடைத்ததைச் சந்தேகப்பட்டுக் கெடுத்துக்கொள்ள வேண்டாமென்று, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, அவர் சந்தேகத்தைத் தள்ளிப் போட்டார். அந்த ஒரு தடவைதான் தப்பான தடவை.

வகுப்பு தொடங்கியது. திரைக்கதை வாத்தியார் அறைக்குள்ளேயே கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். ஏன் போட்டிருக்கிறார் என்று முதலில் அவர் மேல் சந்தேகம். கூடப் படிப்பவர்கள் எல்லோருமே கதைத் திருடர்களாக இருக்கலாம் என்பது அடுத்த சந்தேகம். எனவே ஆதாரம் சார் தன் முகத்துக்குப் பதிலாக ஒரு பூந்தொட்டிப் படத்தை வைத்தார். வாத்தியார் அவரைப் பூந்தொட்டி சார் என்றே கூப்பிட ஆரம்பித்தார்.

ஹெட்போன் மாட்டிக்கொள்ள மட்டும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. காதை அடைத்துக்கொண்டால் பின்னால் யார் வருகிறார்கள் என்று எப்படித் தெரியும்? ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்தார். அதன் விளைவாக, வெளியே சாப்பாட்டு மேசையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த டீச்சரும் மொத்த வகுப்பையும் கேட்டார். அதற்கு ஆதாரம் சார் கணக்கில் இடமில்லை. அவள் கணக்கு டீச்சர், இதெல்லாம் அவளுக்கெதற்கு?

"மாயம்னா இஷ்டத்துக்கு விடறது இல்ல" என்றார் வாத்தியார். "அதுக்கு ஒரு சட்டம் வேணும். மீறினா ஒரு விலை வேணும். அப்புறம், ஒருத்தருக்கு ஒண்ணு வேணும், இன்னொருத்தர் குறுக்கே நிக்கறார். கதைங்கறது அவ்வளவுதான். எங்கேயும் தேடிப் போக வேண்டாம். உங்க வீட்டுல இருக்கறதையே எடுங்க. தலையில ஒரு கிரீடம் வையுங்க. மாயாஜாலம் வந்துடும்."

வெளியே காய் நறுக்கும் சத்தம் நின்றது. ஆதாரம் சார் உடனே எழுந்து கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்ட?"

"கத்தி மழுங்கிப் போச்சுங்க."

கத்தியை வாங்கி விரலால் தடவிப் பார்த்தார். மழுங்கித்தான் இருந்தது. திருப்தியோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். வாத்தியார் சொன்னதில் சட்டத்தையும் விலையையும் குறித்துக்கொண்டார். வீட்டிலிருப்பதை எடுக்கச் சொன்னதை விட்டுவிட்டார். வீட்டில் அப்படி என்ன இருக்கிறது?

அவர் கதையில் ஒரு டிராகன் ஊரை எரித்துவிடும். அரசாங்கத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வருவார். கூர்மையான மூக்கு, நேர்வகிடு, அசைக்க முடியாத நேர்மை. ஆதாரம் சார் அதை எழுதும்போது கண்ணாடியை அவ்வப்போது பார்த்துக்கொண்டார். அதிகாரி டிராகனை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார். தீ உன் வாயிலிருந்துதான் வந்தது என்பதற்கு என்ன ஆதாரம்? அந்த நேரத்தில் நீ வேறெங்கும் பறக்கவில்லை என்பதற்கு யார் சாட்சி? சிறகில் ஏற்கெனவே கீறல் இருந்ததா? டிராகன் இருமும். அதிகாரி அதையும் குறித்துக்கொள்வார்.

"பூந்தொட்டி சார், உங்க டிராகன் எப்பதான் பறக்கும்?" என்று வாத்தியார் கேட்டார்.

"விசாரணை முடிஞ்சதும் சார்."

ஆனால் கடைசிக் காட்சியில் ஒரு ரகசியம் வைத்திருந்தார். அதை வாத்தியாரிடம்கூடச் சொல்லவில்லை. அந்த டிராகன் வேறு யாருமல்ல, மகாராணியின் அம்மா. மூக்கிலிருந்து புகை விடுவது, வந்த வீட்டைத் தலைகீழாக்குவது, மாப்பிள்ளை பேசும்போது வேறு பக்கம் பார்ப்பது எல்லாவற்றையும் அவர் எங்கிருந்தும் கற்பனை செய்யவில்லை. போன முறை மாமியார் வந்து தங்கியபோது பார்த்து எழுதியது. இந்த ரகசியம் வெளியே போனால் கதை போகும். வீட்டுக்குள் போனால் அவரே போவார்.

அதனால் அறைக்குள்ளே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினார்.

ஒரு நாள் டீச்சர் காபி கொண்டுவந்து வைத்தார். ஜன்னலைப் பார்த்தார்.

"எதிர் பிளாட்டு போட்டோகிராபர் புதுசா லென்ஸ் வாங்கியிருக்கார் போல. நீளமா, குழாய் மாதிரி."

"எதுக்கு?"

"பறவைகளைப் படம் எடுக்கவாம். நம்ம ஜன்னல் பக்கம் ஏது பறவை?"

"இங்கேயா பாக்கறார்?"

"நான் ஒண்ணும் சொல்லலைங்க. லென்ஸ் வாங்கியிருக்கார்னேன்."

ஜன்னல் மூடப்பட்டது. திரை இழுக்கப்பட்டது. பட்டப்பகலில் விளக்கைப் போட்டுக்கொண்டு, வியர்வை சொட்டச் சொட்ட, ஆதாரம் சார் டிராகனின் வெப்பத்தை நேரடியாக உணர்ந்து எழுதினார்.

இரண்டு நாள் கழித்து டீச்சர் ஒரு துண்டைக் கொண்டுவந்து கொடுத்தார். சுவரை விரலால் தட்டினார்.

"பக்கத்து வீட்டுக்காரர் இப்பத் தும்மினார், கேட்டுதா?"

"கேட்டுது."

"பாவம், ஜலதோஷம். அவர் எங்க வேலை பாக்கறார்?"

"விளம்பரக் கம்பெனில. ஏதோ எழுதறவர்." சொல்லி முடிக்கும்போதே ஆதாரம் சாரின் குரல் இறங்கிவிட்டது. "அவர் தும்மறது நமக்குக் கேக்குதுன்னா..."

"நான் ஒண்ணும் சொல்லலைங்க" என்றார் டீச்சர்.

அன்று சாயங்காலமே கதையும் அவரும் சமையலறைக்குப் பக்கத்துச் சாமான் அறைக்குக் குடி பெயர்ந்தார்கள். சின்ன அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். எழுதாவிட்டாலும் அது எழுத்தாளர் அறை அல்லவா? சாமான் அறையில் வெங்காயக் கூடையின் மேல் உட்கார்ந்தால் துடைப்பம் தலையில் விழும். டிராகன் வாக்குமூலம் கொடுக்கிற உணர்ச்சிகரமான இடத்தில் அவருக்குக் கண்ணீர் வந்தது. எழுத்தின் சக்தி என்று நினைத்தார். வெங்காயம்.

அங்கேயும் நிம்மதி இல்லை. வேலைக்கு வரும் அம்மா துடைப்பத்துக்காகக் கதவைத் திறந்துவிடுவார். அவர் கதையைத் தன் சட்டைக்குள் திணித்துக்கொள்வார். அந்த அம்மா ஒன்றும் கேட்காமல் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போவார். ஒன்றும் கேட்காததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போடற மாதிரி ஒரு இடம் இந்த வீட்டுல இல்லையே" என்று டீச்சர் பெருமூச்சு விட்டார். "ஜன்னல் மேல இருக்கணும், பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டக்கூடாது. எங்க போறது?"

ஆதாரம் சார் முகத்தில் ஒளி பரவியது. "பாத்ரூம்!"

"அட" என்றார் டீச்சர். "எனக்குத் தோணவே இல்லை பாருங்க."

மனைவிக்குத் தோன்றாதது தனக்குத் தோன்றிவிட்டதென்ற பெருமையில் அன்று அவர் ஒரு கை அதிகமாகவே சாப்பிட்டார்.

மறுநாளிலிருந்து அலுவலகம் போகும் முன் குளியலறையில் எழுத்துப்பணி. கவிழ்த்த வாளி மேசையானது. பிளாஸ்டிக் முக்காலி சிம்மாசனமானது. எழுதியதை வாய்விட்டுப் படிக்க வேண்டும், எல்லாப் பாத்திரமாகவும் பேசிப் பார்க்க வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். இவ்வளவு நாளும் பயத்தில் முணுமுணுத்துக்கொண்டிருந்தவர் இப்போது தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வாயைத் திறந்தார். ஓடு பதித்த சுவர்கள் அந்தக் குரலை வாங்கி மூன்று மடங்காக்கித் திருப்பிக் கொடுத்தன. ஆதாரம் சாருக்குத் தன் குரலே பிடித்துப் போயிற்று. அதிகாரிக்கு அடித்தொண்டை, டிராகனுக்கு மூக்கு, மகாராணிக்குக் கீச்சுக்குரல். தினமும் தொண்டை கட்டும் வரை நடித்தார்.

ஒரு வாரம் போயிருக்கும். லிப்டில் மேல்மாடி நர்ஸம்மா நின்றிருந்தார். ஆஸ்பத்திரி உடையில், கையில் சாப்பாட்டுப் பை.

"என்ன சார், டிராகன் வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்டுதா?"

ஆதாரம் சார் தன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "எந்த டிராகன்?"

லிப்ட் கதவு திறந்தது. நர்ஸம்மா சிரித்துக்கொண்டே போய்விட்டார். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் முதல் மாடி மெக்கானிக் தன் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார். "அந்த அதிகாரி ரொம்பக் கறார் சார், டிராகன் பாவம்" என்றார்.

அலுவலகத்தில் அன்று ஆதாரம் சாருக்கு வேலை ஓடவில்லை. வெள்ளத்தில் போன ஒரு பீரோவை எந்தக் கேள்வியும் கேட்காமல் அனுமதித்தார். கம்பெனியே திகைத்தது. கதை வெளியே போயிருக்கிறது. யார் மூலம்? வீட்டில் இருப்பது இரண்டு பேர். அதில் ஒருவர் அவரே. தன்னையும் ஒரு நிமிடம் சந்தேகப்பட்டுப் பார்த்தார். ஆதாரம் போதவில்லை. மிச்சம் டீச்சர்.

பொய் சொல்கிறவரைப் பிடிக்க அவர் தொழிலில் ஒரு வழி உண்டு. ஒரு பொய்த் தகவலை அந்த ஆளிடம் மட்டும் சொல்லிவிட்டு, அது எங்கே தலைகாட்டுகிறது என்று காத்திருக்க வேண்டும். சாப்பிடும்போது வலையை விரித்தார்.

"உனக்கு மட்டும் ஒண்ணு சொல்றேன். வெளிய சொல்லக்கூடாது. என் கதைல வர்ற டிராகனுக்கு ஒரு கண்ணு தெரியாது."

"ஐயோ பாவம். எந்தக் கண்ணு?"

"இடது."

"டாக்டர்கிட்டக் காட்டினாங்களா?"

"இது கதை."

"சரி. யார்கிட்டயும் சொல்லலை" என்றார் டீச்சர். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினார்.

மறுநாள் ஆதாரம் சார் வேண்டுமென்றே லிப்டில் நர்ஸம்மாவுக்காகக் காத்திருந்தார். பேச்சை மெதுவாகக் கண் பக்கம் திருப்பினார்.

"டிராகனுக்கெல்லாம் கண்பார்வை எப்படியிருக்கும்னு நினைக்கிறீங்க?"

"ரெண்டும் நல்லாத்தானே சார் இருக்கு? இன்னிக்குக் காலைலகூட அதிகாரியை அந்த முறை முறைச்சுதே." நர்ஸம்மா பையைக் கை மாற்றிக்கொண்டார். "ஆனா அது மகாராணியோட அம்மாவா இருக்கும்னு நான் எதிர்பாக்கலை. எனக்கும் ஒரு மருமகன் இருக்கார். கேட்டதுலேர்ந்து அவர் என்னைப் பத்தி என்ன நினைக்கிறாரோன்னு இருக்கு."

டீச்சரிடம் சொன்ன பொய் வெளியே வரவில்லை. யாரிடமும் சொல்லாத உண்மை வெளியே வந்துவிட்டது. அப்படியானால் டீச்சர் நிரபராதி.

எத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், அவளைப் போய் திருடி என்று நினைத்தோமே என்று ஆதாரம் சார் உண்மையாகவே வெட்கப்பட்டார். வீட்டுக்குள் நுழைந்தபோது டீச்சர் சாப்பாட்டு மேசையில் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். குக்கர் விசில் அடித்தது. திரையிலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். டீச்சர் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. வகுப்பு முடிந்ததும் சின்ன அறைச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்னங்க இது?"

"நான்தான் அங்க உக்காரறதில்லையே. நீ வெச்சுக்கோ. தற்காலிகமா."

"ஏன் திடீர்னு?"

"உன்னைச் சந்தேகப்பட்டுட்டேன்."

"என்னிக்கு இல்லை?" என்றார் டீச்சர். ஆனால் குரலில் கோபம் இல்லை. சாவியை எடுத்துக்கொண்டார். அன்றைக்கே கம்ப்யூட்டர் உள்ளே போயிற்று. நாற்காலி போயிற்று. மூடிய ஜன்னல் திறந்தது. எதிர் பிளாட்டு போட்டோகிராபர் லென்ஸைப் பற்றி டீச்சர் அதன் பிறகு பேசவேயில்லை. கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

திருடன் மட்டும் அகப்படவில்லை. ஆதாரம் சார் லேப்டாப்பைப் போர்வையில் சுற்றி வைத்தார். பேனாவைக் கழற்றி உள்ளே ஏதாவது கருவி இருக்கிறதா என்று பார்த்தார். மை கொட்டியது. குளியலறையில் நாளுக்கு நாள் குரலை மட்டும் உயர்த்திக்கொண்டே போனார். ஏனென்றால் அது ஒன்றுதான் பத்திரமான இடம்.

கதையை அனுப்ப வேண்டிய நாள் வந்தது. கடைசித் தடவையாகக் கடைசிக் காட்சி. மகாராணி டிராகனின் முகத்திரையை விலக்க வேண்டும். ஆதாரம் சார் முக்காலி மேல் ஏறி நின்றார். கீச்சுக்குரலில், "அம்மா... நீங்களா?" என்று கதறிவிட்டு, அந்த அமைதியை ரசிப்பதற்காக நிறுத்தினார்.

அமைதி நீண்டது.

"அப்புறம்?" என்றது மேலேயிருந்து ஒரு குரல்.

"ஷ்ஷ், சார் அழறார்" என்றது கீழேயிருந்து இன்னொன்று.

"எங்களுக்குச் சரியாக் கேக்கலை, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை சொல்லச் சொல்லுங்க" என்றது அதற்கும் கீழேயிருந்து மூன்றாவது.

ஆதாரம் சார் தலையைத் தூக்கினார். உச்சியில் இடைவெளி விட்டுக் கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய சின்ன ஜன்னல். அதற்குப் பின்னால், எல்லா மாடிக் குளியலறைகளுக்கும் பொதுவாக, மேலிருந்து கீழ்வரை ஓடும் காற்றுச் சந்து. வீட்டில் ஒவ்வொரு சுவரையும் தட்டிப் பார்த்தவர், ஒவ்வொரு பூட்டையும் இழுத்துப் பார்த்தவர், இதை மட்டும் பார்க்கவில்லை. மொத்தக் கட்டடமும் தினம் காலையில் வாளியோடு உட்கார்ந்து அவர் கதையைக் கேட்டிருக்கிறது. துண்டை எடுத்துக்கொண்டு முக்காலியிலிருந்து இறங்கினார்.

பிறகு சின்ன அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு போனார். டீச்சர் அடுத்த வகுப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்.

"பாத்ரூம்ல பேசறது எல்லாருக்கும் கேக்குது!"

"ஆமாங்க. நர்ஸம்மா குளிக்கற நேரத்தையே மாத்திக்கிட்டாங்க."

"உனக்குத் தெரியுமா?"

"முதல் நாள்லேர்ந்து."

"அப்ப... அந்த டிராகன்..."

"எங்கம்மா. கேட்டேன்" என்றார் டீச்சர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "மூக்குலேர்ந்து புகை விடற இடம் நல்லாத்தான் இருந்தது."

ஆதாரம் சாருக்கு அசடு வழிந்தது. துடைத்துக்கொள்ளத் துண்டு கையிலேயே இருந்தும் உதவவில்லை. "ஏன் எங்கிட்டச் சொல்லலை?"

"நான் வெளிய சொல்றேனான்னுதானே சோதிச்சீங்க? உள்ள பேசறது வெளிய கேக்குதான்னு ஒரு தடவைகூடக் கேக்கலையே. கதவைச் சாத்திட்டுப் போங்க, பிள்ளைங்க வந்துடுவாங்க."

கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். ஊரே கேட்ட கதையானாலும் எழுதியது எழுதியதுதான் என்று சேனலுக்கு அனுப்பினார். முன்பின் தெரியாதவர்களுக்குத் தன் போன் எண்ணைக் கொடுக்கக்கூடாதல்லவா? அதனால் விண்ணப்பத்தில் டீச்சர் எண்ணைப் போட்டார். அன்றிலிருந்து லிப்டில் போவதை விட்டுவிட்டுப் படியில் ஏறி இறங்கினார்.

பிறகு ஒரு நாள் காலை, சாப்பாட்டு மேசையில் டீச்சர் போன் அடித்தது. டீச்சர் உள்ளே வகுப்பில் இருந்தார். தெரியாத எண். ஆதாரம் சார் அதைச் சுற்றி ஒரு தடவை நடந்துவிட்டு எடுத்தார்.

"யாரு?"

"சேனல்லேர்ந்து பேசறோம் சார்" என்றது ஒரு பெண் குரல்.

"சேனல்தான்ங்கறதுக்கு என்ன ஆதாரம்?"

"உங்க வீட்டுலேர்ந்து வந்த பைலட்டைத் தேர்வு பண்ணியிருக்கோம். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

ஆதாரம் என்ற சொல்லே அவர் அகராதியிலிருந்து அந்த நிமிடம் காணாமல் போயிற்று. தலைகால் புரியவில்லை. ஸ்பீக்கரைப் போட்டார். சின்ன அறையின் மூடிய கதவைப் பார்த்தார். அந்த அறையில் தன் மேசையை எந்தப் பக்கம் போடுவதென்றுகூட யோசித்துவிட்டார்.

"டிராகன் எப்படி இருந்தது?" என்றார் குரலைக் கனமாக்கிக்கொண்டு.

"டிராகனா? அது இல்லாததுதான் சார் பெரிய நிம்மதி. எங்களுக்கு வந்த எல்லாக் கதையிலயும் டிராகன்தான். ஒண்ணுல அது வாக்குமூலமெல்லாம் குடுத்தது. உங்க வீட்டுக் கதைல ராஜாதான் பிரமாதம்."

"எந்த ராஜா?"

"எல்லாரையும் சந்தேகப்படற ராஜா. மாயத்துக்கு என்ன அழகான சட்டம் பாருங்க, அவர் சந்தேகப்படும்போதெல்லாம் அரண்மனைல ஒரு ரூம் அவரை விட்டுப் போயிடும். ராணிக்கு வேண்டியது ஒரே ஒரு ரூம். கேட்டா குடுக்க மாட்டார்னு அவங்க கேக்கறதே இல்லை. தினம் ஒரு சந்தேகத்தை வெச்சுட்டுப் போயிடறாங்க. அவ்வளவுதான்."

ஆதாரம் சார் விழுந்து விழுந்து சிரித்தார். தன் கதை இல்லை என்ற துக்கம்கூட ஒரு நொடி மறந்துபோயிற்று. "இப்படி ஒரு மடையன் இருப்பானா? நம்பும்படியா இல்லையே."

"எங்களுக்கும் அதே சந்தேகம் சார். டீச்சர்கிட்டயே கேட்டோம். நேர்ல பாத்துத்தான் எழுதினேன்னாங்க. அதுவும் கடைசிக் காட்சி இருக்கே, ராஜா சிம்மாசனத்தைத் தூக்கிக்கிட்டுக் குளியல் மண்டபத்துக்குள்ள போய் உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போடறது, நாங்க எல்லாரும்..."

மிச்சத்தை ஆதாரம் சார் கேட்கவில்லை. போன் கையில் இருந்தது, பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர் கண்முன்னே ஒரு நீள லென்ஸ் வந்தது. ஒரு தும்மல் வந்தது. ஒரு வெங்காயக் கூடை வந்தது. பிளாஸ்டிக் முக்காலி கடைசியாக வந்தது. நான் ஒண்ணும் சொல்லலைங்க, நான் ஒண்ணும் சொல்லலைங்க. சொல்லத்தான் இல்லை. அவராகவே ஒவ்வோர் அறையாகக் காலி செய்துகொண்டு போயிருக்கிறார். முதலில் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பிறகு அழுகை வரும் போலிருந்தது. கதை நன்றாக இருந்தது என்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. இதில் எங்கேயோ ஒரு மூலையில் அவருக்குப் பெருமையாகவும் இருந்தது, அதை அவர் யாரிடமும் ஒப்புக்கொள்ளப் போவதில்லை.

ரூம் எழுத்தாளருக்கு. சொன்னது அவரேதான்.

வகுப்பு முடிகிற சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஒரே குரலில் நன்றி சொன்னார்கள். ஆதாரம் சார் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு சின்ன அறையின் வாசலுக்குப் போனார். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. எப்போது தாழ்ப்பாள் பொருத்தினார்கள் என்று அவருக்குத் தெரியாது. தன் வீட்டில், தன் சொந்த அறைக் கதவை, முதல் தடவையாகத் தயங்கித் தயங்கித் தட்டினார்.

"யாரு?" என்றது உள்ளேயிருந்து டீச்சர் குரல்.

"நான்தான். உன் புருஷன்."

உள்ளே நாற்காலி மெல்ல நகர்ந்தது. ஆனால் யாரும் எழுந்து வரவில்லை.

"அதுக்கு என்ன ஆதாரம்?"